நெஞ்சுக்கு நேரே ஒரு கம்பி

ஸ்ரீரங்கம்
24-6-2024

அண்ணாவுக்கு வைஜயந்தியின் அநேக நமஸ்காரங்கள். உபய குசலோபரி. இரண்டு பக்கமும் சௌக்கியம், மேலே விஷயம் என்று அப்பா ஒரே சொல்லில் முடிப்பாரே, நானும் அப்படியே முடித்துவிட்டேன். விஷயம் நிறைய இருக்கிறது.

ஏன் கடிதம் என்று கேட்பாய். மதுசூதன் கல்யாணத்துக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய். பாங்கிலிருந்து ரிடையராகி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு என்ன மீட்டிங்? போனைப் பாதியில் வைக்கலாம். கடிதத்தைப் படித்துத்தான் தீர வேண்டும்.

அப்பாவின் ஆஸ்டின் காரைப் பற்றித்தான். மூன்று மாதமாக வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. பாலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தைரியராஜ் அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுப் போகிறார். இனி நானே ஓட்டலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டியரிங் ஷாஃப்டை மாற்றியாக வேண்டும்.

நீ அதைக் கீழே குனிந்து பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். கையில் பிடிக்கிற சக்கரத்திலிருந்து முன் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டியரிங் பெட்டி வரை ஒரே இரும்புக் கம்பி. நடுவில் மூட்டு இல்லை. மடங்காது, சுருங்காது. அந்தக் காலத்தில் எல்லாக் கார்களையும் அப்படித்தான் செய்தார்கள், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் எதிரே ஏதாவது மோதினால் பெட்டி பின்னால் தள்ளப்படும், கம்பி நேரே ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு வரும். என் உயரம் உனக்குத் தெரியும். பெடல் எட்ட வேண்டுமென்று முதுகுக்குத் தலையணை கொடுத்து சீட்டின் நுனியில் உட்காருகிறேன். சக்கரத்தின் நடுக் குமிழுக்கும் என் நெஞ்செலும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். சீட் பெல்ட்டும் மாட்டத்தான் போகிறேன். மாட்டினாலும் கம்பி அங்கேயேதான் நிற்கும்.

இப்போது வருகிற கார்களில் அந்தக் கம்பி இரண்டு துண்டாக இருக்கும். இடித்தால் ஒன்று இன்னொன்றுக்குள் போய்விடும். அப்படி ஒன்றைப் பொருத்தப் போகிறேன். ஆர்.சி. உன் பெயரில் இருப்பதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் உன் கையெழுத்து கேட்கிறார்கள். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு.

மன்னிக்கு நமஸ்காரம். புது மாட்டுப்பெண் ஸ்ம்ருதிக்கு என் ஆசீர்வாதம்.

வைஜயந்தி


புனே
4-7-2024

சௌ. வைஜயந்திக்கு அண்ணா சௌரிராஜன் ஆசீர்வாதம். உபய குசலோபரி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மன்னியிடம் காட்டினேன். எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிற வண்டியை வெட்டப் போகிறேன் என்று எப்படி உனக்கு எழுதக் கை வந்தது?

ஜனவரியில் இங்கே எங்கள் பழைய கார் சங்கத்தின் கண்காட்சி. ஆஸ்டினைக் கொண்டுவருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே வருகிற நடுவர்கள் தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு போல்ட் மாறியிருந்தாலும் மார்க் போய்விடும். நீ ஸ்டியரிங்கையே மாற்றுகிறேன் என்கிறாய். அது அப்பா கை வைத்த கம்பி.

பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு இதே வண்டியில், இதே கம்பியோடு, ரயில்வே உத்தியோக காலம் முழுக்கப் போய் வந்தாயே, அப்போதெல்லாம் உனக்கு நெஞ்சு இல்லையா? இப்போது திடீரென்று என்ன பயம்? ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ கிடைக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்நேரமும் பஸ். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சின்னதாக ஒரு புது கார் வாங்கிக்கொள். ஆஸ்டின் மேல் கை வைக்காதே.

வண்டியை மூன்று மாதமாகப் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். எஞ்சின் ஆயில் மாற்றினாயா? டயரில் காற்று இறங்காமல் பார்த்துக்கொள்கிறாயா? குரோமியத்தை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கிறதா? ஹாரன் தொண்டை கட்டின மாதிரி ஒலிப்பதாகப் போன வருஷம் சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருகிறது, ஷெட்டில் ஒழுக்கு இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை.

சௌரிராஜன்


ஸ்ரீரங்கம்
13-7-2024

அண்ணாவுக்கு வைஜயந்தி நமஸ்காரம். உபய குசலோபரி.

எனக்கு அப்போதும் நெஞ்சு இருந்தது. இப்போதும் இருக்கிறது. நன்றி.

புது கார் வாங்கு என்று சுலபமாகச் சொல்கிறாய். ஆஸ்டினை நீ ஓட்டியது காலேஜ் லீவில், அதுவும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால். அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும், எந்த மேட்டில் திணறும் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று மாதமாக யாராவது என்னை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், இறக்கிவிடுகிறார்கள். "மெதுவா, மெதுவா" என்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. என் வண்டியை நானே எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். இதைப் பிடிவாதம் என்று சொல்வாயானால், பிடிவாதம்தான்.

கம்பியை வெட்டினால் பயமில்லையா என்று நீ கேட்கவில்லை, நீ பயப்படுவது மார்க்குக்கு. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், நான் வெட்டித் தள்ளுகிற ஆள் இல்லை. தைரியராஜோடு இதற்காக ஒரு வாரம் சண்டை போட்டேன். "திருச்சியில வெல்டிங்குக்குப் பஞ்சமாம்மா? நடுவுல வெட்டி மெல்லிசா பைப் வச்சு ஒட்டிருவோம். இடிச்சா பைப் நசுங்கும், அவ்வளவுதான்" என்றார். இந்த ஊர்க்காரர்களுக்கு வெல்டிங்கில் அப்படி ஒரு நம்பிக்கை. உடைந்த எதையும் ஒட்டிவிடலாம் என்றிருக்கிறார்கள். சொன்னதோடு நிற்காமல் பழைய ராடு ஒன்றில் மாதிரியும் செய்து கொண்டுவந்தார். ஒட்டு அவ்வளவு அழகு, தடவிப் பார்த்தால் தெரியாது.

அதை வைஸ் இடுக்கியில் மாட்டச் சொன்னேன். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொன்னேன். ஒட்டு உடையவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில், சூடு பட்டு இறுகிப்போன இடத்தில் இரும்பு உடைந்தது. மனுஷர் அன்று காபி குடிக்காமல் போய்விட்டார். உடையும்போது தெரிந்தால் பரவாயில்லை. பெயிண்டுக்கு அடியில் முடி அளவு விரிசல் விட்டு, ஒருநாள் சமயபுரம் வளைவில் சக்கரம் மட்டும் கையோடு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் வரைந்திருப்பதில் ஒட்டே கிடையாது. உடைக்கப் போட்ட ஒரு புது காரிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற ஷாஃப்டை எடுக்கிறோம். இரண்டு முனையிலும் மூட்டு, மூட்டில் பல் வெட்டிப் பொருத்தி போல்ட் போட்டுப் பூட்டு. மேல் பாதி ஆடாமல் இருக்க டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பேரிங். இடித்தால் உள்ளே போக வேண்டும், எவ்வளவு இழுத்தாலும் கழன்று வெளியே வரக் கூடாது. அந்த அளவைத்தான் நாலு நாள் உட்கார்ந்து போட்டேன். நான் பொன்மலை டிராயிங் ஆபீசில் சும்மா சம்பளம் வாங்கவில்லை.

மேலே தெரிகிற சக்கரம் அதேதான் இருக்கும். கையெழுத்தைப் போடு.

ஷெட் ஒழுகவில்லை.

வைஜயந்தி


புனே
23-7-2024

சௌ. வைஜயந்திக்கு ஆசீர்வாதம். உபய குசலோபரி.

உன் டிராயிங் ஆபீஸ் பெருமையை நன்றாகப் படித்தேன். வண்டி அப்பா எனக்கு எழுதிவைத்தது. இத்தனை நாள் உன்னிடம் விட்டு வைத்திருந்தது என் தப்பு. அதைப் புனேவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டேன். ஸ்டீபன்ராஜ் என்கிற டிரைவர் லாரியோடு வருவார். சாவியைக் கொடுத்துவிடு. ஆயில், டயர் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

சௌரிராஜன்


ஸ்ரீரங்கம்
6-8-2024

அண்ணாவுக்கு வைஜயந்தி நமஸ்காரம். உபய குசலோபரி.

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்துக்கு லாரி அனுப்பினவன் இந்தத் தேசத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய். புனேவுக்குப் போனதும் பஞ்சாங்கத்தையும் மறந்துவிட்டாயா? காவிரியில் கரை நிறையத் தண்ணீர், அம்மா மண்டபம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. உன் ஸ்டீபன்ராஜ் காலையில் பாலத்தில் மாட்டிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். பாவம், பசி. தயிர் சாதம் போட்டேன்.

சாவியைக் கேட்டாய், கொடுத்தேன். அவர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இதுல ஸ்டியரிங்கே இல்லையே" என்றார். ஆமாம், இல்லை. நீ சாவியைத்தான் கேட்டிருந்தாய். சக்கரத்தைக் கழற்றியது தைரியராஜ், ஒளித்து வைத்தது நான். மாடியில் குடியிருக்கிற சுப்ரஜா என் அரிசி டிரம்மைக் காலி செய்து, சக்கரத்தை வைத்து, மேலே அரிசியைத் திரும்பக் கொட்டிக் கொடுத்தாள். என்னைத் தூக்க விடவில்லை. சக்கரம் இல்லாமல் வண்டியைத் திருப்பி லாரியில் ஏற்ற முடியாது என்று ஸ்டீபன்ராஜ் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். உன்னிடம் என்ன சொல்வது என்று கேட்டார். தங்கை சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன்.

நான் சொல்வது ஒன்றுதான். அந்தக் கம்பிக்கு முன்னால் உட்காருகிறவள் நான். உன் நடுவர்கள் யாரும் அங்கே உட்காரப் போவதில்லை. வண்டி பழையதாக இருக்கலாம், அதற்காக ஓட்டுகிறவளைப் பலி கேட்கக் கூடாது. இதைப் புரியவைக்க எனக்கு எத்தனை கடிதம் வேண்டும்?

இன்னொரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன்.

வைஜயந்தி


புனே
16-8-2024

சௌ. வைஜயந்திக்கு. உபய குசலோபரி.

லாரிக்காரன் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். சங்கத்து நண்பர்கள் பக்கத்தில் இருந்தார்கள். என் மானம் போனது.

இனி மூடி மறைப்பானேன். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. பிள்ளைக்குச் சொந்த அத்தை ஒருத்திதான், அவளும் வரவில்லை. "பிரயாணம் சௌகரியப்படவில்லை" என்று வாட்ஸப்பில் இரண்டு வார்த்தை. எனக்குத் தெரியாதா? பெண் வீட்டாரோடு பேசி முடிக்கும்போது உன்னைக் கலந்துகொள்ளவில்லை என்ற கோபம். கோபமிருந்தால் வந்து சண்டை போட்டிருக்கலாம். மேடையில் உன் இடத்தில் மன்னியின் தங்கை நின்றாள். நான் அன்று சாப்பிடவில்லை.

பிரயாணம் சௌகரியப்படாதவளுக்குக் கார் எதற்கு? வீட்டிலேயே இரு. கையெழுத்து கிடையாது. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி கடிதமும் வேண்டாம்.

சௌரிராஜன்


பாலக்கரை, திருச்சி
3-9-2024

மதிப்பிற்குரிய சௌரிராஜன் சார் அவர்களுக்குத் தைரியராஜ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் என் குடும்பமும் சுகம். தாங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

உங்க விலாசத்தை லாரி டிரைவர் ஸ்டீபன்ராஜிடம் கேட்டு வாங்கினேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை சார்.

உங்க கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. ஸ்டியரிங்கை அரிசியிலிருந்து எடுத்துத் துடைத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்க வண்டியோட மதிப்பைப் பார்க்கிறீங்க, சரி. ஆனால் மார்ச் மாசம் அவங்களுக்கு நெஞ்செலும்பை நடுவில் அறுத்து ஹார்ட் ஆபரேஷன் செய்து, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தையலுக்கு நேராகத்தான் சார் அந்த ஷாஃப்ட் நிற்கிறது. பெரிய ஆக்சிடெண்ட் வேண்டாம், யாராவது ஆட்டோக்காரன் குறுக்கே வந்து இடித்தாலே போதும். டாக்டரே அம்மாவிடம், ஓட்டலாம், ஆனால் நெஞ்சில் அடி படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் போகச் சொல்லி நானும் சொல்லிப் பார்த்தேன். "உட்கார வச்சு ஊர்வலம் விட நான் என்ன உற்சவரா தைரியராஜ்?" என்று கேட்கிறார்கள்.

ஆபரேஷன் அன்று கையெழுத்துப் போட யார் என்று கேட்டார்கள். மாடி வீட்டு சுப்ரஜா பாப்பா போட்டது. நானும் என் தம்பியும் ரத்தம் கொடுத்தோம். "அண்ணாவுக்குச் சொல்லியாச்சு, கல்யாண வேலையில் இருக்கார், வர முடியாது" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார்கள். நாங்களும் சரி என்று இருந்தோம். கல்யாணம் முடிந்து இத்தனை மாசம் ஆகிறதே சார். ஒருநாள் ரயிலேறி வந்து கூடப் பிறந்தவளைப் பார்க்கக் கூடாதா? லாரி அனுப்பத் தெரிகிறது.

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

தைரியராஜ்


புனே
12-9-2024

வைஜயந்தி,

ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை. சௌக்கியம் சொல்கிற அந்த இன்னொரு சொல்லை இனி என் வாழ்நாளில் எழுத மாட்டேன்.

தைரியராஜ் கடிதம் வந்தது. நான்கு நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. சுப்ரஜாவின் நம்பரைப் பிடித்துப் பேசினேன். நீ நன்றாக இருக்கிறாய், ஆனால் பேச மாட்டேன் என்கிறாய் என்றாள்.

என்ன நினைத்துக்கொண்டு இப்படிச் செய்தாய்? உன்னை நெஞ்சைப் பிளந்து படுக்க வைத்திருக்கிறார்கள், நான் இங்கே பந்தியில் யாருக்குப் பாயசம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சம்பந்தி வீட்டார் அத்தை எங்கே என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளுக்கு அகம்பாவம், வரலை" என்றேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன். இனி அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வேன்? என்னை இந்த நிலைமையில் நிறுத்த உனக்கு என்ன உரிமை? கடிதத்துக்குக் கடிதம் இரண்டு பக்கமும் சௌக்கியம் என்று எழுதினாயே, அத்தனையும் பொய். செத்துப் போயிருந்தால் யார் எழுதியிருப்பார்கள், தைரியராஜா?

கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று மறைத்தாயாக்கும். பெரிய தியாகம். யார் கேட்டார்கள் உன்னிடம்?

விண்ணப்பத்தை இங்கே ஆர்.டி.ஓ. வெப்சைட்டிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

சௌரிராஜன்


ஸ்ரீரங்கம்
20-11-2024

அண்ணாவுக்கு வைஜயந்தி நமஸ்காரம்.

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

யார் கேட்டார்கள் என்று கேட்டாய். ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் என் ஆத்திரம். ஏன் வரவில்லை என்று என்னை நீ ஒரு வார்த்தை கேட்டாயா? கேள்வியைக் கேட்காமலே பதிலை நீயாக வைத்துக்கொண்டாய், கோபம் என்றும் அகம்பாவம் என்றும். மூன்று மாதமாக வண்டி எடுக்கவில்லை என்று எழுதினேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. எஞ்சின் ஆயிலைக் கேட்டாய். டயரில் காற்றைக் கேட்டாய். குரோமியத்தை எந்தத் துணியால் துடைக்கிறேன் என்று கேட்டாய். ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்றுகூடக் கேட்டாய். கல்யாணம் முடியட்டும் என்று முதலில் சொல்லாமல் இருந்தேன். முடிந்த பிறகு, நீ கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீ லாரி அனுப்பினாய்.

பொய் எழுதினேன் என்கிறாய். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அப்பா உனக்கு அந்தச் சொல்லைத்தான் எழுதினார், நான்தான் தபாலில் போட்டேன். நம் வீட்டில் யாரும் அதைத் தாண்டி எழுதியதும் இல்லை, தாண்டிக் கேட்டதும் இல்லை. எனக்கும் வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

வேலை முடிந்துவிட்டது. போல்ட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கொஞ்சம் அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங் சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தோம். முதல் தடவை ஒரு இடத்தில் கனத்து ஒரு இடத்தில் லேசாக ஓடியது. இரண்டு மூட்டும் ஒரே நேரில் இல்லை. தைரியராஜ், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். கழற்றச் சொன்னேன். திரும்ப மாட்டியபோது வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்புறம்தான் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் இரண்டு முறை குனிந்து பார்த்து ஒத்துக்கொண்டார்.

நேற்று பொன்மலை ஒர்க்‌ஷாப் வாசல் வரை தனியாக ஓட்டிப் போய்த் திரும்பினேன். பாலத்தில் ஏறும்போது அழுதேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

வெட்டின கம்பியின் நடுத் துண்டைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அப்பா கை வைத்த கம்பி என்றாய். அப்பா கை வைத்தது சக்கரத்தில். இந்தத் துண்டை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் உனக்குத்தானே வேண்டும், வைத்துக்கொள். வந்ததும் ஒரு காரியம் செய். நாற்காலியில் உட்கார்ந்து அதை உன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்.

வைஜயந்தி


புனே
3-12-2024

வைஜி,

பார்சல் வந்தது. தபால்காரர் என்ன சார் இவ்வளவு கனம் என்று கேட்டார். நீ சொன்னபடி செய்தேன். மன்னி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

நீ எழுதினது எல்லாம் சரி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்தது மறைத்ததுதான், அதற்கு நேரில் வந்து திட்டுவேன். ஆனால் உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சுத்தியலைத் தைரியராஜ் கையில் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதிலிருந்தே சுத்தியலை யாரிடமும் கொடுக்காதவள் நீ. சுப்ரஜா தூக்க விடவில்லை என்று எழுதியிருந்தாய். எல்லாம் அங்கேயே இருந்தது. நான் வண்டியைத் தேடிக்கொண்டு படித்திருக்கிறேன்.

சம்பந்திக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மதுசூதன் அரை நாள் என்னோடு பேசவில்லை. கண்காட்சிக்குக் கொடுத்த பெயரை எடுத்துவிட்டேன்.

இதற்குப் பதில் எழுது. தையல் போட்ட இடம் வலிக்கிறதா? எப்போது வலிக்கிறது, சும்மா இருக்கும்போதா, அசையும்போதா? ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாத்திரை என்னென்ன, வேளைக்குப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை உன் வழக்கப்படி டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறாயா? டாக்டர் பெயர் என்ன? மறுபடி எப்போது வரச் சொல்லியிருக்கிறார்? யார் கூடப் போகிறார்கள்? தனியாகத் தூங்கப் பயமாக இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது.

தை பிறந்ததும் வருகிறேன். ஜங்ஷனுக்கு வந்து அழைத்துப் போ. பக்கத்து சீட்டில் உட்காருகிறேன், வாயைத் திறக்க மாட்டேன்.

வண்டியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வருகிறது. கேட்கவில்லை.

அண்ணா


ஸ்ரீரங்கம்
11-12-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

வலிக்கிறது. இருமினால் வலிக்கிறது. தும்மல் வந்தால் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். இடது பக்கம் ஒருக்களிக்க இன்னும் முடியவில்லை. கார்த்திகைக் குளிரில் உள்ளே போட்ட கம்பி தனியாகத் தெரிகிறது. நாளாக நாளாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மாத்திரைகளில் ஒன்றை இரண்டு நாள் மறந்துவிட்டேன், சுப்ரஜா திட்டினாள். தனியாகத் தூங்கப் பயமாகத்தான் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சீக்கிரம் வா.

ஆயில் மாற்றியாகிவிட்டது.

வைஜி